தரமிறக்கப்படுவதற்கும் ஓர் ஏணி வேண்டும்: இலங்கை உதைபந்தாட்டத்தின் வீழ்ச்சி பற்றிப் பொத்துவிலில் இருந்து

2015 மார்ச் 12ஆம் திகதி கொழும்பில் இலங்கையும் பூட்டானும் மோதின. உலகக் கிண்ணத் தகுதிகாண் சுற்றின் முதல் ஆட்டம் அது. அன்று உலகத் தரப்படுத்தலில் பூட்டானின் இடம் 209. பட்டியலில் இருந்த நாடுகளின் எண்ணிக்கையும் 209தான். அதாவது, உலகிலேயே கடைசி. அதற்கு முன் உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டம் எதிலும் பூட்டான் விளையாடியதே இல்லை. அந்த அணி கொழும்புக்கு வந்து நம்மை 1–0 என்று வென்றது. ஐந்து நாள் கழித்துத் திம்புவில் 2–1 என்று மறுபடியும் வென்றது.

பொத்துவிலில் உதைபந்தாட்டம் பேசுகிறவர்கள் கூடினால் இன்றும் இந்த ஆட்டத்துக்கு வந்துதான் சேர்வார்கள். பேச்சு இங்கிலாந்தில் தொடங்கும். மஞ்சள் அணியா சிவப்பு அணியா என்று போகும். எந்தக் கழகம் தரமிறங்கப் போகிறது, எந்தப் பயிற்றுவிப்பாளரைத் தூக்கப் போகிறார்கள் என்று சூடாகும். பிறகு யாராவது ஒருவர், "அதெல்லாம் இருக்கட்டும், நம்ம நாடு எங்க கிடக்கு?" என்று கேட்பார். அதன் பிறகு தேத்தண்ணி ஆறிப்போகும், வாய்தான் ஆறாது.

அந்தப் பேச்சில் அடிக்கடி வரும் காரணங்கள் ஐந்து. வீரர்கள் சரியில்லை. பயிற்றுவிப்பாளர் சரியில்லை. சம்மேளனம் சரியில்லை. கிரிக்கெட் எல்லாவற்றையும் தின்றுவிட்டது. போர் எல்லாவற்றையும் அழித்துவிட்டது. ஐந்திலும் உண்மை உண்டு. ஆனால் ஐந்தும் ஒரே எடையுள்ளவை அல்ல. அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. போரைப் பார்த்த ஊர்களில் வாழும் நாம், போர் என்ற காரணத்தை எங்கே வைக்க வேண்டும் என்பதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். அது உண்மையான காரணம். அதனாலேயே அது மற்றவர்களுக்கு வசதியான ஒளிவிடமாகவும் ஆகிவிடுகிறது.

எவ்வளவு உயரத்தில் இருந்து விழுந்தோம்?

இலங்கையின் உதைபந்தாட்டச் சங்கம் 1939இல் உருவானது. 1952இல் ஃபிஃபாவில் சேர்ந்தது. ஆசியாவில் நாம் ஒருபோதும் பெரிய அணியாக இருந்ததில்லை. ஆனால் தெற்காசியாவில் நம்மை மதித்த காலம் இருந்தது. 1995 ஏப்ரல் தொடக்கத்தில் கொழும்பில் நடந்த சார்க் தங்கக் கிண்ண இறுதியாட்டத்தில், மேலதிக நேரத்தில் அடித்த ஒரே கோலால் இந்தியாவை வென்று கிண்ணம் எடுத்தோம். 1998 ஆகஸ்ட்டில் உலகத் தரப்படுத்தலில் 122ஆம் இடம் வரை ஏறினோம். நாம் தொட்ட அதிக உயரம் அதுதான். 2006இல் பங்களாதேஷில் நடந்த ஆசிய சவால் கிண்ணத்தில் இறுதியாட்டம் வரை போனோம். அங்கே தஜிகிஸ்தானிடம் 4–0 என்று தோற்றாலும், இரண்டாம் இடம் நமக்கு.

இதற்குப் பிறகுதான் சரிவு. 2015இல் பூட்டான். 2019இல் தென் கொரியாவிடம் 8–0. 2021 நவம்பரில், ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் மட்டும் வாழும் சீஷெல்ஸ் கொழும்புக்கு வந்து, நாமே நடத்திய நான்கு நாடுகள் போட்டியின் இறுதியாட்டத்தில் தண்ட உதைகளால் நம்மை வென்று கிண்ணத்தைக் கொண்டு போனது. 2022 ஜூனில் நமங்கானில் உஸ்பெகிஸ்தான், தாய்லாந்து, மாலைதீவு ஆகிய மூன்றிடமும் தோற்றோம். ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அந்த ஆண்டு நமது இடம் 207. பட்டியலில் 211 நாடுகள். 2023 ஜனவரி 21ஆம் திகதி ஃபிஃபா நம்மை இடைநிறுத்தியது.

கழகங்களுக்குத் தரமிறக்கம் என்று ஒன்று இருப்பதுபோல நாடுகளுக்கு இல்லை என்று நினைக்கிறோம். உண்மையில் இருக்கிறது. ஆசியாவின் உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டிகளில் முதல் சுற்று என்பது தரப்படுத்தலில் கீழே கிடக்கும் நாடுகளுக்கானது. மேலே உள்ளவர்கள் அதில் ஆடவே வேண்டியதில்லை. 2015, 2019, 2023 மூன்று முறையும் நாம் அந்தக் கீழ்த்தட்டில்தான் ஆடினோம். பூட்டானிடம் தோற்றது அங்கேதான்.

2019இல் நாம் அந்தச் சுற்றைத் தாண்டினோமே என்று சிலர் சொல்வார்கள். தாண்டிய விதத்தை நினைவில் வைத்திருப்பது நல்லது. முதல் ஆட்டத்தில் மக்காவ் நம்மை 1–0 என்று வென்றது. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கொழும்புக்கு வரப் பயந்து இரண்டாவது ஆட்டத்துக்கு மக்காவ் சங்கம் அணியை அனுப்பவில்லை. ஆடாத அந்த ஆட்டத்தை 3–0 என்று ஃபிஃபா நமக்குக் கொடுத்தது. ஊர் துக்கத்தில் கிடந்த நாட்களில் வந்த வெற்றி அது. பந்தை யாரும் தொடவில்லை.

வீரர்களும் பயிற்றுவிப்பாளரும்

தோல்விக்குப் பிறகு கண்ணில் படுகிறவர்கள் இவர்கள். அதனால் முதல் ஏச்சு இவர்களுக்கு. "ஓட ஏலாது, எழுபதாவது நிமிசத்தோட முடிஞ்சுது" என்று எங்கள் ஊர் ஓட்டோ ஓட்டும் தம்பி ஒருவர் எப்போதும் சொல்வார். அவர் சொல்வது பிழையில்லை. ஆனால் ஏன் ஓட முடியவில்லை என்று கேட்டால் பதில் வீரனிடம் இல்லை. ஓர் ஆண்டில் முப்பது நாற்பது கடுமையான ஆட்டம் ஆடுகிறவனுக்குத்தான் எழுபதாவது நிமிடத்துக்குப் பிறகும் கால் கேட்கும். நமது உயர்தர லீக் பெயர் மாறியது, வடிவம் மாறியது, இடையிடையே நின்றது. 2021இல் சுப்பர் லீக் என்று தொழில்முறையாகத் தொடங்கியதைக் கொவிட் இடைமறித்தது. ஆட்டமே கிடைக்காத வீரனிடம் உடற்தகுதி கேட்பது, தண்ணீர் விடாத வயலில் நெல் கேட்பதுபோல.

இதை விளங்கிக்கொள்ள எங்கள் கடைப் பேச்சில் அடிபடும் லெஸ்டர் சிட்டியை எடுத்துக்கொள்ளலாம். 2016இல் இங்கிலாந்தின் சம்பியன். 2021 மே மாதத்தில் செல்சியை வென்று எஃப்.ஏ. கிண்ணம். சரியாக இரண்டு ஆண்டு கழித்து 2023 மே மாதத்தில் தரமிறக்கம். ரசிகர்கள் பயிற்றுவிப்பாளர் பிரெண்டன் றொஜர்ஸைக் குற்றம் சாட்டினார்கள். ஏப்ரலில் அவரை நீக்கினார்கள். அணி தப்பவில்லை. ஏனென்றால் சரிவு மைதானத்தில் தொடங்கவில்லை. ஐரோப்பியப் போட்டிகளில் இடம் கிடைத்துக்கொண்டே இருக்கும் என்ற நம்பிக்கையில் சம்பளங்களை ஏற்றினார்கள். அந்த இடம் கிடைக்காமல் போனது. தீர்வையற்ற கடைகள் நடத்தும் உரிமையாளர்களின் வியாபாரம் கொவிட் காலத்தில் விமான நிலையங்களோடு சேர்ந்து படுத்தது. 2021–22 கணக்கில் நட்டம் 9 கோடிப் பவுண்டுக்கும் மேல். 2022 கோடையில் வாயிற்காப்பாளர் ஷ்மைக்கல் போனார், பின்கள வீரர் ஃபொஃபானாவைச் செல்சிக்கு விற்றார்கள், ஈடாக வந்தவர்கள் மிகச் சிலர். பல வீரர்களின் ஒப்பந்தம் கடைசி ஆண்டில் இருந்தது. புள்ளிப்பட்டியலில் சரிவு தெரிந்தபோது அதன் காரணங்கள் இரண்டு மூன்று ஆண்டு பழசாகிவிட்டன.

உதைபந்தாட்டத்தில் இது ஏறத்தாழ ஒரு விதி. விழுகிற ஆண்டில் காரணம் தேடினால் கிடைக்காது. அதற்கு முந்திய ஆண்டுகளின் கணக்குப் புத்தகத்திலும் ஒப்பந்தங்களிலும் சிறுவர் அணிகளிலும் தேட வேண்டும். பூட்டான் ஆட்டத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அன்று ஆடிய பதினொரு பேர் அந்தத் தோல்வியை உண்டாக்கவில்லை. அவர்கள் அதைக் கையில் வாங்கினார்கள், அவ்வளவுதான்.

கிரிக்கெட்டின் மேல் பழி போடலாமா?

1995 ஏப்ரலில் உதைபந்தாட்டக் கிண்ணம். 1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரில் கிரிக்கெட் உலகக் கிண்ணம். இடையில் ஒரு வருடம்கூட இல்லை. முதலாவது கிண்ணம் இன்று யாருக்கும் நினைவில்லை. இரண்டாவதை இன்றும் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். விளம்பரக்காரர்களும் பாடசாலைகளும் பெற்றோரும் எந்தப் பக்கம் போனார்கள் என்று சொல்லத் தேவையில்லை. பொத்துவிலில் மாலை நேரம் மைதானத்தைச் சுற்றிப் பாருங்கள். டெனிஸ் பந்துக் கிரிக்கெட் ஆடுகிற பிள்ளைகள்தான் அதிகம். அறுகம்பைப் பக்கம் போனால் அலைச்சறுக்குப் பலகையோடு கடலுக்கு ஓடுகிற பிள்ளைகள். சுற்றுலாவில் காசு வருகிறது, அதையும் குறை சொல்ல முடியாது.

ஆனாலும் இந்தக் காரணம் ஓரளவுக்குமேல் பாரம் தாங்காது. உதைபந்தாட்டம் மலிவான விளையாட்டு. ஒரு பந்து இருந்தால் இருபத்திரண்டு பேர் ஆடலாம். மட்டை, காப்பு, ஆடுகளம் எதுவும் வேண்டாம். மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையோரத்திலும் ஏறாவூரிலும் கிண்ணியாவிலும் கிரிக்கெட் அலையிலும் உதைபந்து சாகவில்லை. கடைசி ஆட்டத்துக்கு ஊரே திரண்டு வரும் கிராமங்கள் இன்னும் இருக்கின்றன. விரும்பும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை பதினாறு வயதுக்குப் பிறகு எங்கே போவது என்பதற்கு வழி இல்லை. அது கிரிக்கெட் செய்த குற்றமல்ல.

போர் என்ன செய்தது, என்ன செய்யவில்லை?

கிண்ணம் எடுத்த அதே 1995 ஏப்ரலில், 19ஆம் திகதி, போர் நிறுத்தம் முறிந்தது. திருகோணமலைத் துறைமுகத்தில் கடற்படைக் கப்பல்கள் தகர்க்கப்பட்டன. மூன்றாம் ஈழப்போர் தொடங்கியது. கொழும்பில் கிண்ணம் தூக்கிய படங்கள் பழசாகும் முன்பே வடக்கும் கிழக்கும் மறுபடி அகதி வாழ்க்கைக்குத் திரும்பின.

உதைபந்தாட்டம் மாலை நேர விளையாட்டு. அசருக்குப் பின் தொடங்கி மஃரிப் வரை. போர்க்காலத்தில் எங்களிடமிருந்து பறிபோனது முதலில் அந்த மாலைதான். இருட்டும் முன் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று உம்மாமார் கண்டிப்பாக இருந்தார்கள். அடுத்த ஊருக்கு ஆடப் போவது என்றால் சோதனைச் சாவடிகள், அடையாள அட்டை, திரும்பி வருவோமா என்ற பயம். தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் இடையில் வழக்கமாக நடந்த ஆட்டங்கள் நின்றன. இரண்டு சமூகமும் ஒரே மைதானத்தில் நின்று சண்டை பிடித்து, பிறகு ஒரே சோடாவைப் பங்கு போட்ட காலம் போய், ஒருவர் ஊருக்கு ஒருவர் போகாத காலம் வந்தது. முன்பு ஊர் அணிக்கு ஆடிய, இப்போது அறுபதைத் தாண்டிய ஒரு காக்கா சொல்வார்: "எங்கட அணி தோத்து முடியல்ல தம்பி. எதிரணி வராம முடிஞ்சுது."

வடக்கில் 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது அவர்களின் கழகங்களும் மைதானங்களும் அங்கேயே கிடந்தன. பிறகு இடம்பெயர்ந்த தமிழ் ஊர்களுக்கும் அதே கதை. ஒரு கழகம் என்பது பதினொரு சட்டை மட்டுமல்ல. மூத்தவர் இளையவருக்குப் பழக்குவது, பழைய வீரர் நடுவராக மாறுவது, கடைக்காரர் பந்து வாங்கித் தருவது, எல்லாம் சேர்ந்துதான் கழகம். ஊர் கலைந்தால் இந்தச் சங்கிலி அறும். மக்கள் திரும்பி வரலாம், அறுந்த சங்கிலி தானாகப் பொருந்தாது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது எங்கள் கரையோரம் மிச்சமிருந்ததையும் இழந்தது. பிறகு வளைகுடா. இருபது வயதில் பந்தின் பின்னால் ஓட வேண்டியவர்கள் கட்டாரிலும் சவூதியிலும் வேலைக்குப் போனார்கள். அவர்களில் பலர் வெள்ளிக்கிழமைகளில் அங்கே ஆடுகிறார்கள்.

இதெல்லாம் உண்மை. ஆனால் போர்தான் காரணம் என்று முடித்துக்கொள்ள முடியுமா? இரண்டு விடயங்கள் இடிக்கின்றன.

முதலாவது, இலங்கை கிண்ணம் எடுத்த 1995ஆம் ஆண்டும், இறுதியாட்டம் போன 2006ஆம் ஆண்டும் போருக்கு உள்ளேதான் இருக்கின்றன. பூட்டானிடம் தோற்ற 2015 வரும்போது போர் முடிந்து ஆறு வருடம். போர் மட்டும் காரணமென்றால் வரிசை தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? இரண்டாவது, ஈராக். குண்டுகள் நாளும் வெடித்துக்கொண்டிருந்த 2007இல், சொந்த நாட்டில் ஆட முடியாத நிலையில் அந்த அணி ஜகார்த்தாவில் சவூதி அரேபியாவை 1–0 என்று வென்று ஆசியக் கிண்ணம் எடுத்தது. போர் ஒரு நாட்டின் உதைபந்தாட்டத்தைக் கட்டாயம் கொல்லும் என்ற விதி இல்லை.

அப்படியானால் போர் என்ன செய்தது? நாடு ஆள் எடுக்கக்கூடிய பரப்பில் பெரும் பகுதியை வெட்டி எடுத்தது. வடக்கும் கிழக்கும் உதைபந்து நேசிக்கும் மாகாணங்கள். அங்கிருந்து முப்பது வருடம் பிள்ளைகள் மேலே வரவில்லை. மிச்சமிருந்த ஊர்களில் இருந்த திறமையை வைத்து 2006 வரை ஓட்டினார்கள். அதுவும் வற்றியபோது புதிதாக ஊற்று வெட்டப்படவில்லை. 2009க்குப் பிறகு செய்ய வேண்டிய வேலை, அறுந்து கிடந்த மாகாணங்களை ஏணியில் சேர்ப்பது. நெடுங்காலம் பயனின்றிக் கிடந்த யாழ்ப்பாணத்துத் துரையப்பா விளையாட்டரங்கு இந்திய உதவியோடு திருத்தித் திறக்கப்பட்டதே 2016 ஜூனில்தான். போர் பறித்தது போரின் குற்றம். போருக்குப் பிறகும் திருப்பிக் கொடுக்காதது சமாதான காலத்தின் குற்றம்.

ஏணியில் எங்கள் படி எங்கே?

2021 சுப்பர் லீக்கில் ஆடிய பத்துக் கழகங்களின் பெயர்களைப் பாருங்கள். கொழும்பு எஃப்.சி., றினோன், இரத்தினம் மூன்றும் கொழும்பு. புளூ ஸ்டார் களுத்துறை. ரெட் ஸ்டார் பேருவளை. நியூ யங்ஸ் வென்னப்புவ. அப்கன்றி லயன்ஸ் நாவலப்பிட்டி. மிச்சம் மூன்றும் படைத்தரப்பு அணிகள்: இராணுவத்தின் டிஃபெண்டர்ஸ், கடற்படையின் சீ ஹோக்ஸ், விமானப்படையின் புளூ ஈகிள்ஸ். பத்தில் ஒன்றுகூட வடக்கிலோ கிழக்கிலோ இல்லை. யாழ்ப்பாணம் இல்லை, மன்னார் இல்லை, மட்டக்களப்பு இல்லை, திருகோணமலை இல்லை, அம்பாறை இல்லை.

பத்தில் மூன்று படையணிகள் என்பதையும் நிதானமாக யோசிக்க வேண்டும். இந்த நாட்டில் உதைபந்தாட்ட வீரனுக்கு மாதம் தவறாமல் சம்பளமும் ஓய்வூதியமும் தரக்கூடிய இடங்கள் நெடுங்காலமாகப் படைகளும் பொலிஸும்தான். ஒரு சிங்களக் கிராமத்துப் பிள்ளைக்கு அது ஒரு நல்ல தொழில். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முள்ளிவாய்க்காலில் தகப்பனை இழந்த பிள்ளையிடம், காணாமல் போன அண்ணனைத் தேடித் தாய் வீதியில் நிற்கும் பிள்ளையிடம், "உனக்குத் திறமை இருக்கிறது, இராணுவ அணியில் சேர்" என்று எந்தப் பயிற்றுவிப்பாளர் சொல்வார்? ஏணியின் மேல் படிகளில் மூன்றில் ஒரு பங்கு, நாட்டின் ஒரு பகுதிப் பிள்ளைகள் கால் வைக்க முடியாத படியாக இருக்கிறது. இதைப் பற்றிச் சம்மேளனத்தின் எந்தத் தேர்தலிலும் பேச்சு எழுந்ததாக நான் கேட்டதில்லை.

மிச்சமிருப்பது மாலைதீவு. மக்கள்தொகை ஐந்து இலட்சத்தைச் சுற்றி உள்ள நாடு. 2008இல் நமது சுகததாச அரங்கில் இந்தியாவை வென்று தெற்காசியக் கிண்ணம் எடுத்தது, 2018இல் டாக்காவில் மறுபடி எடுத்தது. நமது நல்ல வீரர்கள் பிழைப்புக்காகப் போவது அங்கேதான். மன்னாரில் இருந்து வந்து தேசிய அணியின் பின்களத்தில் நின்ற டக்சன் பியூஸ்லஸ், மாலைதீவின் வலென்சியா கழகத்துக்கு ஆடிக்கொண்டிருந்த 2022 பெப்ரவரியில் மாலேயில் காலமானார். மன்னார் அவரை ஊர் திரண்டு அழுது அடக்கியது. மன்னாரில் பிறந்த ஒரு தேசிய வீரனுக்கு மன்னாரிலோ, பக்கத்து மாவட்டத்திலோ உழைத்து ஆட ஓர் உயர்தரக் கழகம் இல்லை என்பதை அந்தச் சாவு வீட்டில் நின்ற எல்லோரும் அறிவார்கள்.

இங்கேதான் எங்கள் கடைப் பேச்சில் விடுபடும் விடயம் இருக்கிறது. இங்கிலாந்தில் ஒரு கழகம் தரமிறங்கினால் ரசிகர்கள் அழுகிறார்கள். ஆனால் அடுத்த ஓகஸ்ட்டில் கீழ் லீக் தொடங்கும், ஜெயித்தால் திரும்பி ஏறலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். லெஸ்டர் 2023இல் இறங்கி 2024இல் சம்பியனாக ஏறி 2025இல் மறுபடி இறங்கியது. ஏறுவதும் இறங்குவதும் ஏணி இருப்பதன் அடையாளம். பொத்துவில் கழகம் ஒன்று தரமிறங்கவே முடியாது. அது நிற்பதற்கே படி இல்லை. ஊரில் நடக்கும் ஒருநாள் சுற்றுப்போட்டிகள், நினைவுக் கிண்ணங்கள், பெருநாள் போட்டிகள், எல்லாம் நல்லவை. ஆனால் அவற்றில் வெல்கிற அணி மேலே எங்கும் போவதில்லை. கிண்ணத்தை வாங்கி அலுமாரியில் வைத்துவிட்டு அடுத்த பெருநாளைப் பார்த்திருக்கிறது. பொத்துவிலில் இருந்து கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல், ஓர் இரவு பஸ். அந்த இரவுப் பஸ்ஸில் ஒரு பிள்ளையை ஏற்றி அனுப்ப, மறுமுனையில் காத்திருப்பவர் யார் என்று எந்த வாப்பாவுக்கும் தெரியாது.

சம்மேளனம்: நம் வாக்கு எங்கே போகிறது?

கடைசியாகச் சம்மேளனம். இதில் குறை சொல்ல நிறைய இருக்கிறது. முன்னாள் தலைவரும் ஃபிஃபா நிறைவேற்றுக் குழுவில் இருந்தவருமான மணிலால் பெர்னாண்டோவுக்கு 2013இல் ஃபிஃபா வாழ்நாள் தடை விதித்தது. 2023 ஜனவரியில் நடந்த தேர்தலை ஃபிஃபா ஏற்கவில்லை. அரசு தலையீடு என்று சொல்லி இடைநிறுத்தியது. அந்த ஆண்டு பெங்களூரில் நடந்த தெற்காசியக் கிண்ணத்தில் நாம் ஆடவே இல்லை. ஓகஸ்ட் இறுதியில் தடை நீங்கி, செப்டெம்பர் தேர்தலில் ஜஸ்வர் உமர் தலைவரானார்.

தடை என்றால் ஆட்டம் மட்டும் நிற்பதில்லை. ஃபிஃபா 2023–26 காலத்துக்கு ஒவ்வோர் உறுப்பு நாட்டுக்கும் 80 இலட்சம் டொலர் வரை அபிவிருத்திப் பணம் ஒதுக்கியிருக்கிறது. மைதானம், சிறுவர் லீக், பெண்கள் உதைபந்தாட்டம், பயிற்றுவிப்பாளர் கற்கை எல்லாம் அந்தப் பணத்தில் அடங்கும். உலகின் பணக்காரக் கழகங்களுக்கு அது சில்லறை. நமக்கு அதுதான் உயிர். கதிரைச் சண்டையில் அந்தக் குழாய் மூடப்படும்போது, அடி விழுவது கொழும்பில் கதிரைக்குச் சண்டை போட்டவர்கள் மேல் அல்ல, பதினான்கு வயதுப் பிள்ளை மேல்.

இவற்றைச் சொன்னதும் எங்கள் கடையில் எல்லோரும் "கள்ளக் கூட்டம்" என்று கையை விரிப்பார்கள். ஆனால் அந்தக் கூட்டம் வானத்தில் இருந்து விழவில்லை. சம்மேளனத் தேர்தலில் வாக்களிப்பவர்களில் பெரும் பகுதி நாடெங்கும் உள்ள லீக்குகளின் பிரதிநிதிகள். லீக் நிர்வாகிகளைத் தெரிவு செய்வது அதில் பதிவான கழகங்கள். கழகங்களை நடத்துவது நம் ஊரவர்கள். சங்கிலியின் கீழ் முனை நம் கையில் இருக்கிறது. மேலே இருப்பவர் அந்த முனையை மறப்பதில்லை. தேர்தல் நெருங்கும்போது பந்தும் சட்டையும் கிராமங்களுக்கு வருவது அதனால்தான். ஒரு பந்து வலையும் ஒரு சோடிச் சட்டையும் வாங்கிக்கொண்டு நான்கு வருட வாக்கைக் கொடுத்துவிடுகிற பழக்கம் சிங்கள ஊரிலும் இருக்கிறது, தமிழ் ஊரிலும் இருக்கிறது, எங்கள் முஸ்லிம் ஊர்களிலும் இருக்கிறது. அந்த விடயத்தில் மட்டும் நாட்டில் இனப்பிரச்சினை இல்லை.

மேலிருந்து ஒட்டிய ஒட்டு

அண்மைக்காலத்தில் பெறுபேறுகள் கொஞ்சம் நிமிர்ந்திருக்கின்றன. அதை மறைக்கக் கூடாது. 2024 செப்டெம்பரில் கம்போடியாவைத் தண்ட உதைகளில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றுக்குப் போனோம். 2025 ஜூனில் கொழும்பில் சீன தாய்பேயை 3–1 என்று வென்றோம். இந்த நிமிர்வுக்குப் பெரிய காரணம் ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பிறந்து வளர்ந்த இலங்கை வம்சாவளி வீரர்கள். நாட்டை விட்டுப் போனவர்களின் பிள்ளைகள், வேறு நாடுகளின் மைதானத்திலும் வேறு நாடுகளின் பயிற்சியிலும் வளர்ந்து, இங்கே வந்து ஆடுகிறார்கள். வரட்டும், நல்லது. போர் சிதறடித்ததில் ஒரு துளி இப்படியாவது திரும்பி வருகிறது.

ஆனால் கணக்கை ஒழுங்காகப் பார்க்க வேண்டும். அந்த வீரரை உருவாக்கியது ஜேர்மனியிலோ இங்கிலாந்திலோ உள்ள எட்டு வயதுப் பிள்ளைகளுக்கான லீக். ஒவ்வொரு சனிக்கிழமையும் தவறாமல் நடக்கிற ஒரு லீக். நாம் அதன் பழத்தை இறக்குமதி செய்கிறோம். மரத்தை நடவில்லை. தேசிய அணி வெல்வதைக் காட்டி, கீழே எல்லாம் சரியாகிவிட்டது என்று யாராவது சொன்னால், கல்முனையில், பொத்துவிலில், பேசாலையில், குருநகரில் பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான லீக் இந்த வருடம் எத்தனை வாரம் நடந்தது என்று கேளுங்கள்.

எங்கள் ஊரில் அடுத்த முறை இந்தப் பேச்சு எழும்போது கேட்க நான் குறித்து வைத்திருக்கும் கேள்விகளும் அப்படிப்பட்டவைதான். எங்கள் லீக்கில் எத்தனை கழகம் பதிவு? அதில் உண்மையில் ஆடுகிற கழகம் எத்தனை, வாக்குக்காக மட்டும் இருக்கிற பெயர்ப்பலகை எத்தனை? கடந்த ஆண்டு வந்த பணம் எவ்வளவு, கணக்கை ஊருக்குக் காட்டினார்களா? சிறுவர் லீக் எந்தத் திகதி தொடங்கும்? பெண் பிள்ளைகளுக்கு எந்த நேரம் மைதானம்? எங்கள் லீக்கில் வெல்கிற கழகம் அடுத்து யாரோடு ஆடும்? திருக்கோவிலில், தம்பிலுவிலில், அக்கரைப்பற்றில் இருக்கும் தமிழ், முஸ்லிம் கழகங்களைச் சேர்த்து வருடம் முழுக்க ஓடுகிற ஒரு லீக்கை நாமே தொடங்க என்ன தடை? கடைசிக் கேள்விக்குச் சம்மேளனத்தின் அனுமதிகூட உடனே தேவையில்லை. எட்டுக் கழகம், ஒரு நேர அட்டவணை, மூன்று நடுவர், இரண்டு ஊருக்கும் போய்வர ஒரு வேன் போதும்.

அந்த லீக்கில் எங்கள் கழகம் ஒரு வருடம் கடைசியாக வந்து, கீழ்ப் பிரிவுக்கு இறங்கினால், நானும் மற்றவர்களைப்போல நடுவரைத் திட்டுவேன். பயிற்றுவிப்பாளரை மாற்றச் சொல்வேன். அப்படித் திட்டுவதற்கு முதலில் அது நடக்க வேண்டும்.